காவிரி மணலில் இரும்புத் தாதுவை ஆராய்வது எப்படி?

டெல்டாவில் இரும்புச் சுரங்கம் கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் தோண்டினாலும் வண்டல், களி, மணல், அதற்குக் கீழே மறுபடியும் களி. அதனால் இரும்புத் தாது என்றாலே பைலடிலா, பெல்லாரி என்று எங்கேயோ தூரத்தில் இருக்கிற சமாச்சாரம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் காய்ந்த ஆற்று மணலில் ஒரு காந்தத்தை விட்டு இழுத்தவர்களுக்குத் தெரியும், கறுப்புத் தூள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். அதில் பெரும்பகுதி மேக்னடைட். உலகத்தின் பல சுரங்கங்களில் கோடிக்கணக்கான டன் வெட்டியெடுக்கிற அதே தாதுக் கனிமம்தான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு தட்டில் மணல், ஒரு காந்தம், "காவிரியில் இரும்பு" என்று ஒரு அட்டை. அதோடு முடிந்துவிடும். எனக்கு அது போதாது. எவ்வளவு இருக்கிறது, எந்த மலையில் இருந்து வந்தது, அதைத் தாது என்று சொல்லலாமா என்ற மூன்று கேள்விக்கும் கணக்கோடு பதில் தேடினால்தான் அது ஆராய்ச்சி. பெரிய லேப் இல்லாமலே இதில் பாதி தூரம் போய்விடலாம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், கல்லூரி முதலாமாண்டு மாணவர்கள், சும்மா ஆர்வத்தில் செய்கிறவர்கள் என எல்லாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், தேடுவது என்ன?

இரும்புக் கனிமங்கள் நிறைய உண்டு, நமக்கு மூன்று போதும். மேக்னடைட்: கறுப்பு, சாதாரண காந்தத்திலேயே நன்றாக ஒட்டும், சுத்தமானதில் எடைக்கு 72.4% இரும்பு. ஹெமடைட்: கட்டியாகப் பார்த்தால் சாம்பலாகவோ கறுப்பாகவோ கூட இருக்கும், ஆனால் உரசினால் சிவப்புக் கோடு விழும், 70% இரும்பு. கோத்தைட்: மஞ்சள் கலந்த பழுப்புக் கோடு, 63% இரும்பு. வல்லம், செங்கிப்பட்டி பக்கத்துச் செம்மண்ணிலும் செம்புராங்கல்லிலும் நிறம் கொடுப்பது பின்னால் சொன்ன இரண்டும்தான், அவை காந்தத்தில் அனேகமாக ஒட்டாது. ஆகவே காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காக இரும்பு இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இரும்புத் தாதுப் பாறை எப்படி உருவானது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. டெல்டாவில் பல இடங்களில் அடிபம்பில் அடித்தவுடன் தண்ணீர் தெளிவாகத்தான் வரும், குடத்தில் ஒரு ராத்திரி வைத்தால் மேலே ஆடை மாதிரி படர்ந்து, அடியில் துருநிறத்தில் படியும். ஆக்சிஜன் படாத நிலத்தடி நீரில் இரும்பு ஃபெர்ரஸ் வடிவில் கரைந்தே இருக்கும். காற்று பட்டதும் ஃபெர்ரிக் ஆகி, கரைய முடியாமல் படிந்துவிடுகிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து மணிக்கு ஒருமுறை போட்டோ எடுத்துப் பாருங்கள். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் அதற்கு முந்தியும் கடல் முழுக்க இப்படிக் கரைந்த இரும்பு இருந்தது, காற்றில் ஆக்சிஜன் இல்லை. அந்த இரும்பு கடலடியில் சிலிக்காவோடு மாறி மாறி, பட்டை பட்டையாகப் படிந்தது. காற்றில் ஆக்சிஜன் ஏறியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், அப்படியானால் அதைவிடப் பழைய பாறைகளில் இரும்பைப் படிய வைத்தது எது என்ற கேள்வி வருகிறது. ஒளிச்சேர்க்கை செய்த நுண்ணுயிர்கள் அந்தந்த இடத்தில் விட்ட ஆக்சிஜனா, அல்லது இரும்பையே நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்த பாக்டீரியாவா என்று அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சேலம் கஞ்சமலையில் இருப்பது இந்த வகைப் பாறைதான். ஆனால் அது பூமிக்குள் ஆழமாகப் போய், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மறுபடி மேலே வந்தது. சிலிக்கா பளிங்கு மணியாகி குவார்ட்சைட் ஆனது, இரும்பு ஆக்சைடு மேக்னடைட் மணியானது. புவியியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பட்டை மேக்னடைட் குவார்ட்சைட். கொல்லிமலை, கோதுமலை, தீர்த்தமலை, திருவண்ணாமலை பக்கத்துக் கவுத்திமலை என்று வேறு இடங்களிலும் இதைப் பார்க்கலாம். வெந்ததால் மணிகள் பெரிதாகிவிட்டன. பாறை சிதையும்போது மேக்னடைட் தனி மணியாகக் கழன்று ஓடைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது, எங்கே எடுப்பது

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறப்பார்கள். அதற்கு முந்தைய கோடை மாதங்கள்தான் நமக்குத் தோது. ஆறு காய்ந்து கிடக்கும், போன வெள்ளம் அடுக்கி வைத்துவிட்டுப் போன மணல் கலையாமல் இருக்கும். தண்ணீர் ஓடும் நேரத்தில் மணலுக்காக ஆற்றில் இறங்கவே வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கிறதென்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது, அதில் உயிர் போயிருக்கிறது.

கறுப்பு வரி எங்கே படியும் என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு வளையும் இடத்தில் உள்வளைவுப் பக்கத்து மணல் திட்டு, பாலத் தூணுக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறையும் இடம், மதகுக்குக் கீழே, மணல் அலைகளின் பள்ளங்கள். வெள்ளை மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் கனிமத்தின் அடர்த்தி 2.65, மேக்னடைட்டுடையது 5.2. தண்ணீர் தளரும்போது கனமானது முதலில் தங்கும், லேசானதைத் தண்ணீர் மேலும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு முழம் ஆழத்துக்கு மணலை நேராக வெட்டி, வெட்டிய முகத்தைக் கரண்டியால் வழித்துப் பாருங்கள், கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய வரிகள் தெரியும். ஒவ்வொரு கறுப்பு வரியும் தண்ணீர் வேகம் மாறிய ஒரு சமயம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள்.

இப்போது கவனம். கறுப்பு வரியைப் பார்த்ததும் அதை மட்டும் அள்ளிக்கொண்டு வந்துவிடத் தோன்றும். அதை வைத்துக் "காவிரி மணலில் 60% இரும்பு" என்று யாராவது எழுதினால் அதை நம்பக் கூடாது, ஏனென்றால் ஆறே பிரித்து வைத்த இடத்தை அவர் எடுத்திருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சாம்பிள் எடுங்கள். ஒன்று கறுப்பு வரியில் இருந்து, அதில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று பார்க்க. இன்னொன்று, கண்ணால் தேர்ந்தெடுக்காமல் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கயிறு பிடித்து, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மேல் 5 சென்டிமீட்டர் மணலை ஒரு கைப்பிடி எடுத்து ஒன்றாகக் கலந்தது. "எவ்வளவு" என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது சாம்பிள் மட்டும்தான் பதில் சொல்லும்.

ஒரு கிலோ தாண்ட வேண்டாம். ஆற்று மணல் விஷயத்தில் டெல்டாக்காரர்கள் பட்ட பாடு போதும், கரையில் இருப்பவர்கள் கேட்டால் என்ன செய்கிறீர்கள் என்று நின்று விளக்குங்கள். பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி கடற்கரைகளில் கறுப்பு மணலும் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் கலந்த செந்நிற மணலும் கிடைக்கும், அங்கே ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடற்கரைக் கனிம மணல் அள்ளுவதைத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை செய்தது. தவிர, கடற்கரைக் கறுப்பு மணலில் கதிரியக்கத் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கலாம், கிலோக்கணக்கில் வீட்டில் சேர்த்து வைக்கிற பொருள் இல்லை அது.

பையில் எழுதவேண்டியது: தேதி, இடம், போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஆற்றின் எந்தப் பக்கம், எந்த ஆழம், யார் எடுத்தது. பேனாவால் பாலிதீன் மேல் எழுதினால் அழிந்துவிடும், பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள், இன்னொரு சீட்டை இன்னொரு கவரில் வைத்து வெளியே கட்டுங்கள். காவிரி, வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று நம் பக்கம் ஆறுகள் பிரிந்து கிடப்பதால், "கும்பகோணம் ஆற்று மணல்" என்று எழுதினால் அந்தச் சாம்பிளுக்கு மதிப்பே இல்லை.

கழுவுவதும் பிரிப்பதும்

வீட்டுக்கு வந்ததும் மணலைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, கலங்கல் நீரை வடித்துவிடுங்கள். தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும், களி ஒட்டிக்கொண்டிருந்தால் பின்னால் காந்தத்தில் எல்லாமே கட்டியாக வந்து கணக்கு கெடும். பிறகு செய்தித்தாளில் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். முழுக்கக் காயவேண்டும்.

காய்ந்த மணலை ஒரு பெரிய தாளில் கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டித் தட்டையாக்கி, ஸ்கேலால் நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்பங்கை எடுத்துக்கொண்டு மற்றதைப் பத்திரப்படுத்துங்கள். எடுத்ததை மறுபடி குவித்து, மறுபடி பிரித்து, 200 கிராம் அளவுக்கு வரும்வரை செய்யுங்கள். மேலாக ஒரு கரண்டி அள்ளிக்கொள்ளலாமே என்றால் கூடாது, பாத்திரத்தை அசைக்கும்போதே கனமான மணிகள் கீழே இறங்கிவிடும், நீங்கள் அள்ளுவது லேசான மணலாகத்தான் இருக்கும். தாதுச் சுரங்கங்களிலும் சாம்பிளைக் குறைக்க இந்த நான்காகப் பிரிக்கும் முறையை ரொம்ப காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

சல்லடை இருந்தால் பருமன்வாரியாகச் சலித்துக்கொள்ளுங்கள். மேக்னடைட் மணி ஒன்று, தன்னைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய குவார்ட்ஸ் மணியோடு ஒரே வேகத்தில் தண்ணீரில் இறங்கும், அதனால் ஆறு இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவிடும். சலித்தால் கறுப்பு பெரும்பாலும் பொடி மணலில்தான் வரும். பொடியைத் தூசி என்று கொட்டிவிடாதீர்கள்.

கறுப்பு வரிச் சாம்பிளை மட்டும் அரித்துப் பார்க்கலாம். அரிசியில் கல் அரிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாயகன்ற பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரோடு சாய்த்துச் சுழற்றி, மேலே மிதந்து ஓடும் வெள்ளை மணலை விட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் கறுப்பு அடியில் தங்கும். அதன் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு பிரிந்து நிற்கும், அது கார்னெட். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் கண்டிப்பாகக் கூப்பாடு போடுவார்கள். எவர்சில்வர் தட்டு வேண்டாம், சில தட்டுகளில் காந்தமே ஒட்டும்.

காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கரில் இருக்கும் கறுப்பு வளையக் காந்தம் போதும், இன்னும் சொன்னால் அதுதான் சரி. ஆன்லைனில் விற்கும் வெள்ளிநிற நியோடிமியம் காந்தம் ரொம்பப் பலமானது, இல்மனைட் என்ற டைட்டானியம் கலந்த கறுப்புக் கனிமத்தையும் கார்னெட்டில் சிலதையும் சேர்த்து இழுத்துவிடும். காந்தத்தைப் பாலிதீன் கவருக்குள் போட்டுக்கொண்டு, தாளில் மெல்லிய படலமாகப் பரப்பிய மணலுக்கு மேலே, தொடாமல், அரை சென்டிமீட்டர் உயரத்தில் நகர்த்துங்கள். ஒட்டியதை வேறு தாளுக்கு மேலே கொண்டுபோய், கவருக்குள் இருந்து காந்தத்தை உருவினால் தூள் தானாக உதிரும். கவர் இல்லாமல் செய்தால் அந்தத் தூளைக் காந்தத்தில் இருந்து பிரிக்கவே முடியாது. முதல் தடவை ஒட்டியதில் குவார்ட்சும் சிக்கிக்கொண்டு வந்திருக்கும், அதனால் ஒட்டியதை மறுபடி பரப்பி மறுபடி இழுங்கள். மூன்று சுற்று ஆனதும் வெள்ளை மணிகள் குறைந்துவிடும். அப்புறம் வேண்டுமானால் மீதி மணலில் நியோடிமியத்தை விட்டு இரண்டாவது கூட்டத்தைத் தனியாக எடுத்து வைக்கலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சோ, போனில் மாட்டும் மேக்ரோ லென்சோ வைத்து ஒட்டிய தூளைப் பாருங்கள். மேக்னடைட் மணி பளபளக்கும் கறுப்பு, சிலவற்றில் இரண்டு பிரமிடை அடியோடு அடி ஒட்டின எண்முக வடிவம் தெரியும், பெரும்பாலானவை உருண்டு மழுங்கியிருக்கும். துருப்பிடித்த தகடு, வெல்டிங் பட்டறைத் தூள், ஆணித் துருவல் எல்லாமும் காந்தத்தில் ஒட்டுமே, அதை எப்படிப் பிரித்துச் சொல்வது? சந்தேகமான மணியை இரும்புத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. மேக்னடைட் நொறுங்கிக் கறுப்புப் பொடியாகும், இரும்புத் துருவல் நொறுங்காமல் தட்டையாகும். குட்டிக் கோலிக்குண்டு மாதிரி அச்சு உருண்டையாகப் பளபளக்கும் மணிகள் வந்தால் விண்கல் தூசி என்று துள்ள வேண்டாம், பெரும்பாலும் அது அனல்மின் நிலையச் சாம்பலிலோ வெல்டிங் பொறியிலோ இருந்து வந்தது. பாலத்துக்குப் பக்கத்தில் எடுத்த சாம்பிளில் இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

கணக்கு

நகை எடைபோடும் குட்டி டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் காட்டுவது, இருந்தால் போதும். உதாரணத்துக்கு 200 கிராம் காய்ந்த மணலில் 3 கிராம் ஒட்டியது என்று வையுங்கள். 1.5% மேக்னடைட். அதில் 72.4% இரும்பு, ஆக மணலில் மேக்னடைட் வழியாக இருக்கும் இரும்பு சுமார் 1.1%. பூமியின் மேலோட்டில் சராசரியாகவே எடைக்கு 5% அளவில் இரும்பு இருக்கிறது. அதாவது இந்த உதாரணத்து மணல், தெருவில் கிடக்கிற சாதாரணக் கருங்கல்லைவிட இரும்பில் ஏழை. காந்தத்தில் கொத்தாக ஒட்டுவதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வது இதனால்தான். ஒரு பாறையைப் படிந்த இரும்புப் பாறை என்று அழைக்கவே குறைந்தது 15% இரும்பு இருக்கவேண்டும் என்று ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1954-இல் ஒரு வரையறை வைத்தார், இன்றும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தாது என்பது அதற்கும் மேலே ஒரு படி: வெட்டி, அரைத்து, பிரித்து, விற்றுக் கட்டுப்படியாக வேண்டும்.

ஒரே சாம்பிளின் நான்கு கால்பங்கையும் தனித்தனியாகச் செய்து நான்கு விடையையும் எழுதுங்கள். நான்கும் ஒன்றாக வராது. அந்த வித்தியாசம்தான் உங்கள் முறையின் பிழை அளவு, அதை மறைக்காமல் விடைக்குப் பக்கத்திலேயே எழுதவேண்டும். இரண்டு இடங்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் இதைவிடச் சிறியதாக இருந்தால் "இந்த ஊரில் அதிகம், அந்த ஊரில் குறைவு" என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்லை.

பாறைத் துண்டு கிடைத்தால்

சேலம் போகிற வாய்ப்பு இருந்தால் கஞ்சமலை அடிவாரத்தில் உருண்டு கிடக்கும் பட்டைப் பாறைத் துண்டு ஒன்று கைக்குள் அடங்கும் அளவில் போதும், மலையை உடைக்க வேண்டாம். கறுப்புப் பட்டையும் வெளுத்த பட்டையும் கோடு கோடாகத் தெரியும். டைல்ஸ் கடையில் கிடைக்கும் உடைந்த டைலின் பின்பக்கம், மெருகு இல்லாத வெள்ளைப் பக்கத்தில், கறுப்புப் பட்டையை உரசுங்கள். கறுப்புக் கோடு என்றால் மேக்னடைட், சிவப்பு என்றால் வெயில் மழையில் அது ஹெமடைட்டாக மாறத் தொடங்கியிருக்கிறது.

இப்போது, எனக்குத் தெரிந்ததிலேயே செலவில்லாத அருமையான அளவீடு. கல்லைத் தராசில் வைத்து எடை எழுதுங்கள். ஒரு பாத்திரத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி. 3.5 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கல்லில் குவார்ட்சும் மேக்னடைட்டும் மட்டும்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 3.5-இல் இருந்து 2.65-ஐக் கழித்து, அதை 2.55-ஆல் வகுங்கள் (5.2-க்கும் 2.65-க்கும் உள்ள இடைவெளி அது). கன அளவில் மூன்றில் ஒரு பங்கு மேக்னடைட் என்று வரும். எடையில் அது 49.5%, அதில் இரும்பு 72.4% என்றால் கல்லில் இரும்பு சுமார் 36%. சேலம் பக்கத்துத் தாதுவில் இரும்பு எடைக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது என்று புவியியல் அறிக்கைகள் சொல்வதும் இந்த அளவைத்தான். நூலும் தராசும் வைத்துக்கொண்டு இதைத் தொட்டுவிட முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்புத்தான். கல்லில் கார்னெட், பைராக்சின் மாதிரி குவார்ட்சைவிடக் கனமான வேறு கனிமம் கலந்திருந்தால் விடை கூடுதலாகக் காட்டும் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.

எந்த மலையில் இருந்து வந்தது?

இதுதான் கஷ்டமான கேள்வி, அவசரப்படக் கூடாத கேள்வியும் கூட. "சேலத்தில் இரும்பு மலை இருக்கிறது, காவிரி அந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, ஆகவே இது கஞ்சமலை இரும்பு" என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். ஆனால் காவிரி வரும் வழியெல்லாம் கிடக்கும் சார்னோகைட், நைஸ் என்ற கருங்கல் வகைப் பாறைகளிலும் மேக்னடைட் சிறிதளவு இருக்கும். அளவு சிறிது என்றாலும் அந்தப் பாறைகள் பரந்து கிடக்கும் பரப்பு பெரிது.

முதலில் வரைபடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் மாவட்டவாரியாகப் பாறை வரைபடம் இலவசமாகப் பார்க்கலாம். சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து சேலம் வழியாக ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு, எடப்பாடி வழியாக வரும் சரபங்கா, கொல்லிமலையில் இருந்து இறங்கும் ஓடைகள் என ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து, எது எந்தப் பாறையின் மேல் ஓடுகிறது என்று குறியுங்கள். இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள்: 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, அதற்கு மேலே இருந்து வரும் மணல் பெரும்பாலும் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதன் பிறகு டெல்டாவுக்குப் புதிதாக வரும் மணல் என்றால் மேட்டூருக்குக் கீழே சேரும் துணையாறுகளின் மணல்தான், அதிலும் பவானிசாகர், அமராவதி என்று வேறு அணைகள் தடுக்கின்றன. நம் ஆற்றில் கிடக்கும் மணலில் ஒரு பகுதி இந்த அணைகளுக்கெல்லாம் முந்தையது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிறகு மூன்று சாம்பிள் முறை. துணையாறு சேரும் இடத்தில், துணையாற்றுக்குள் ஒன்று, சேருவதற்கு மேலே காவிரியில் ஒன்று, சேர்ந்து கொஞ்ச தூரம் கலந்த பிறகு கீழே ஒன்று. துணையாற்றில் அதிகமாக இருந்து, கீழே உள்ள அளவு மேலே உள்ளதைவிடக் கூடியிருந்தால், அந்தத் துணையாறு மேக்னடைட் கொண்டுவருகிறது என்று சொல்லலாம். திருமணிமுத்தாற்றில் எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க் கழிவும் சாயக் கழிவும்.

கடைசிச் சோதனைக்கு லேப் வேண்டும். படிந்த இரும்புப் பாறையில் இருந்து வரும் மேக்னடைட்டில் டைட்டானியம் மிகக் குறைவு. எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறைகளில் இருந்து வருவதில் டைட்டானியம் கணிசமாக இருக்கும். எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் டைட்டானியம் அளந்தால் இரண்டு குடும்பமும் பிரிந்து தெரிய வாய்ப்பு உண்டு. காந்தம் பிரித்த தூளில் இல்மனைட் கலந்திருந்தால் டைட்டானியம் பொய்யாகக் கூடிவிடும், ஸ்பீக்கர் காந்தம் போதும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

சுரங்கம் பற்றி எழுதும்போது

அறிக்கையில் கடைசியாக "ஆகவே இதை வெட்டி எடுக்கலாம்" என்று ஒரு வரி சேர்க்கிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த வரியை எழுதுமுன் உங்கள் கல்லின் கணக்கையே பாருங்கள். எடையில் 49.5% மேக்னடைட் என்றால், ஒரு துளி வீணாகாமல் பிரித்தாலும் ஒரு டன் பாறைக்கு அரை டன் பொடி மிச்சமாகும். ஆனால் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் மாவாக அரைக்கவேண்டும், அரைக்க மின்சாரம், அலச தண்ணீர், மிச்சமான சேற்றைத் தேக்க ஓர் அணை. கர்நாடகத்தின் குதிரேமுக்கில் இப்படித்தான் குறைந்த தர மேக்னடைட்டை அரைத்து, காந்தத்தால் பிரித்து, 67 கிலோமீட்டர் குழாயில் கூழாக மங்களூருக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை லக்யா அணையில் தேக்கினார்கள். துங்கா, பத்ரா, நேத்ராவதி பிறக்கும் காடு அது. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவோடு சுரங்கம் நின்றது. கஞ்சமலையைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் படிக்கவேண்டிய கதை குதிரேமுக்தான் என்பது என் கருத்து. கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கிற சேலம் உருக்காலை அந்த மலைத் தாதுவை உருக்குவதில்லை, அங்கே செய்வது எவர்சில்வர் தகடு, இதையும் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, வெள்ளாற்று முகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-இல் இரும்பு ஆலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்து மேக்னடைட், எரிபொருள் மரக்கரி. நல்ல இரும்புதான் வந்தது, ஆனால் ஆலை நிலைக்கவில்லை. தாது ஒரு பக்கம், காடு ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம் என்று இருந்தால் என்ன செலவு ஆகும் என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

டெல்டாவுக்கு என்று தனிச் சட்டமும் இருக்கிறது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில், இங்கே புதிதாகத் தொடங்கக் கூடாத தொழில்களின் பட்டியலில் எண்ணெய், எரிவாயு எடுப்பதோடு இரும்புத் தாது பதப்படுத்தும் ஆலையும் உருக்காலையும் ஸ்பாஞ்ச் இரும்பு ஆலையும் பெயர் சொல்லியே இருக்கின்றன. மீத்தேன் போராட்டம் தெரிந்த அளவுக்கு இந்த வரி நம் ஆட்களுக்குத் தெரியாது. அதை அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

லேப்புக்குக் கொடுப்பது

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் புவி அறிவியல் துறை, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறை, திருச்சி தேசியக் கல்லூரியின் புவியியல் துறை ஆகியவை நமக்குக் கிட்டத்தில் இருப்பவை. சும்மா போய் "இதில் என்ன இருக்கிறது பாருங்கள்" என்று பையை நீட்டாமல், உங்கள் ஆசிரியர் மூலமாக ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: எங்கே எடுத்தது, எப்படிப் பிரித்தது, கிடைத்த சதவீதம், பிழை அளவு, என்ன தெரியவேண்டும். இரும்பும் டைட்டானியமும் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டால் அவர்களுக்கும் வேலை சுலபம். காந்தம் பிரித்த தூளில் 10 கிராம் தாராளம். அதோடு பிரிக்காத மூல மணலில் ஒரு சிறு பொட்டலமும் கொடுங்கள். இரண்டிலும் பாதியை வீட்டில் சீட்டோடு வைத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் லேப் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துவராமல் போனால் மறுபடி செய்து பார்க்க அதே மணல் உங்கள் கையில் இருக்கவேண்டும். அடுத்த வெள்ளம் வந்துபோனால் அந்தத் திட்டு அங்கே இருக்காது.